அவள் எழுதிய ஓர் எழுத்து

அந்த மருத்துவமனையில் கீழ்த்தளத்துப் படிக்கட்டு முடிகிற இடத்தில் ஜன்னல் இல்லாத நீள அறை ஒன்று உண்டு. அறுவைச் சிகிச்சைக்குப் பயன்பட்ட கத்திரியும் கிடுக்கியும் ஊசிப்பிடியும் ரத்தக் கறையோடு அங்கே இறங்கி வரும். கழுவி, உலர்த்தி, தட்டில் அடுக்கி, இரட்டைத் துணியில் பொதிந்து, நீராவி இயந்திரத்தில் அடைத்து எடுத்த பிறகு மறுபடி மேலே ஏறும். அந்த அறையில் அவள் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தாள். அங்கே எல்லோரும் அவளை ‘மறுதடவை அக்கா’ என்றார்கள். எதையும் ஒரு தடவை பார்த்து அவள் விட்டதில்லை.

பொதியின் மேல் ஒட்டுகிற டேப்பில் வெளிறிய கோடுகள் இருக்கும். நீராவியின் சூடு பட்டால்தான் அவை கறுக்கும். மற்றவர்கள் கோடு கறுத்துவிட்டதா என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். அவள் பொதியைத் திருப்பித் திருப்பி நான்கு மூலையையும் பார்ப்பாள். வாசல் வரை போன தள்ளுவண்டியைத் திரும்பக் கூப்பிட்டுப் பார்ப்பாள். வீட்டிலும் அப்படித்தான். காய்ச்சிய பாலை மோந்து பார்ப்பாள். பூட்டிய கதவை இழுத்துப் பார்ப்பாள். பள்ளிக்கூட வேன் ஓட்டும் கணவர் பத்து நிமிடம் தாமதமாக வந்தால், எந்த வழியாக வந்தீர்கள், யாரை ஏற்றினீர்கள் என்று கேட்பாள்.

“இவ இருக்காளே, கர்த்தரே வந்து கதவைத் தட்டினாலும் அடையாள அட்டையைக் காட்டச் சொல்லுவா” என்று கணவர் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார்.

பிறவிக் குணம் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அது பதினோரு வருடத்துக் குணம். அதற்கு முன்னால் அவளும் மற்றவர்களைப் போல ஒரு தடவை பார்த்துவிட்டுப் போகிறவளாகத்தான் இருந்தாள்.

அந்த அறையில் அப்போது அவளோடு ஒருவன் வேலை பார்த்தான். வாசல் நிலையில் தலை இடிக்கும் உயரம் என்பதால் நெட்டையன் என்று பெயர். அவளைவிட ஏழெட்டு வயது இளையவன். ஒருநாள் காலையில் அவளுடைய மகள் பள்ளிக்கூடப் படியில் விழுந்துவிட்டாள், இங்கே கூட்டி வந்திருக்கிறார்கள் என்று மாடியிலிருந்து தொலைபேசி வந்தது. தட்டுகளை இரண்டாம் இயந்திரத்தின் முன்னால் வைத்து, பதிவேட்டில் ‘பத்து மணி’ என்று நேரத்தையும் எழுதியிருந்தாள். “கொஞ்சம் பாத்துக்க தம்பி” என்று சொல்லிவிட்டு மாடிக்கு ஓடினாள். அவன் முதல் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகளுக்கு முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். நிம்மதியாக இறங்கி வந்தவள், தட்டுகள் இயந்திரத்துக்குள் போய் வந்துவிட்டன என்று நினைத்துக்கொண்டு அவற்றை மேலே அனுப்பினாள். மேலே அவசரம். பிரித்த நர்ஸும் கோட்டைக் கவனிக்கவில்லை.

அந்தக் கருவிகளால் இடுப்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒரு தையல்காரப் பெண்ணுக்குப் புண் சீழ் வைத்தது. நாற்பத்தொரு நாள் படுத்திருந்தாள். பிழைத்துக்கொண்டாள், ஆனால் ஒரு கால் இழுத்து இழுத்து நடக்கும்படி ஆகிவிட்டது.

விசாரணை வைத்தார்கள். இயந்திரம் தானாகக் கக்கும் காகிதச் சுருளைப் பார்த்தபோது, அன்று பத்து மணிக்கு இரண்டாம் இயந்திரம் ஓடவே இல்லை என்று தெரிந்தது. அப்படியானால் ஓட்டியதாகக் கையெழுத்துப் போட்டது யார் என்ற கேள்வி வரும். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. காலியாக இருந்தால், நேரம் எழுதிய கையைத் தேடி அவளிடம்தான் வருவார்கள். பதிவேட்டைக் கேட்டு ஆள் வருவதற்கு அரை மணி நேரம் முன்னால் அவள் பேனாவை எடுத்தாள். அந்தக் கட்டத்தில் நெட்டையனுடைய பெயரின் முதல் எழுத்தை, அவன் போடுகிற மாதிரியே வாலைச் சுழித்து எழுதினாள். ஓர் எழுத்துதான். அதற்கு இரண்டு வினாடிகூட ஆகவில்லை.

“நான் போடலை, சார். இது என் கை இல்லை” என்று அவன் சொல்லிப் பார்த்தான். “அப்ப யாரு போட்டது?” என்று கேட்டபோது எதையோ சொல்ல வந்து மென்று விழுங்கினான். வேலை போயிற்று. மனைவியைக் கூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டான்.

அதிலிருந்து அவள் அடி விழுவதற்காகக் காத்திருந்தாள். ஞாயிறு தவறாமல் ஆலயத்துக்குப் போகிறவள் அவள். ஆண்டவர் பார்க்கவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. மகளுக்குக் காய்ச்சல் வந்தால் ‘இதுதானோ’ என்பாள். கணவரின் வேன் மழையில் சறுக்கியபோது ‘இதுதான்’ என்று முடிவே கட்டினாள். காய்ச்சல் இறங்கியது. வேனுக்கு ஒரு கீறல். மகள் படித்தாள், கல்யாணம் ஆனது, நல்ல இடத்தில் இருந்தாள். ஒன்றும் நடக்கவில்லை என்பதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. எதற்காகவோ சேர்த்து வைக்கிறார் என்று தோன்றியது. கண்ணை மூடி ஜெபிக்கும்போதுகூட, எதிரில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டிக்கொண்டிருக்கும் விசாரணை அதிகாரியிடம் பேசுவது போலத்தான் வார்த்தைகளைப் பார்த்துப் பார்த்து எடுப்பாள்.

ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போது அவளுடைய வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரல், பிறகு அடுத்த இரண்டு. கிடுக்கியின் பூட்டு விழுந்ததா இல்லையா என்பதை விரல் சொல்லவில்லை. கண்ணால் பார்க்க வேண்டியிருந்தது. மருத்துவர் மணிக்கட்டை அமுக்கிப் பார்த்தார்.

“நரம்பு நசுங்குது. வருஷக்கணக்கா ஒரே வேலை பாக்குற கை இல்லையா? சகஜம்தாம்மா. சின்ன ஆபரேஷன், சரியாகிடும்.”

அவள் தலையாட்டினாள். நம்பவில்லை. எழுதிய கை இது. பேனா பிடித்த மூன்று விரல்கள் இவை.

அதே மாதம், ஆலயத்தில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஒரு தலை தெரிந்தது.

“அக்கா! நல்லா இருக்கீங்களா?” நெட்டையன் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான். காதோரம் நரைத்திருந்தது. “திரும்ப இங்கேயே வந்துட்டோம். வீட்டுக்காரிக்கு அங்க ஒத்துக்கல. வாஷிங் மெஷின் ரிப்பேர் பண்றேன் இப்ப.”

“சந்தோஷம் தம்பி” என்றாள்.

இந்த ஊரில் ஆலயம் ஒன்றா இரண்டா? எல்லாவற்றையும் விட்டு இங்கே ஏன் வந்தான்? தன் வீடு எது என்று தெரியுமா? அவன் மனைவி மட்டும் ஏன் சிரிக்காமல் தள்ளி நின்றாள்? இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். கை மரத்துப்போன மாதத்தில் இவனும் வருகிறான் என்றால் அது தற்செயல் இல்லை. மேலே இருப்பவரும் இவனும் சேர்ந்து ஏதோ செய்யப்போகிறார்கள் என்று அவள் உறுதியாக நம்பினாள்.

கணவருக்கு இந்தச் சங்கதி எதுவும் தெரியாது. பேச ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர் நெட்டையனை வீட்டுக்கே அழைத்துவிட்டார். மூன்று மாதத்தில் அவன் நான்கு தடவை வந்தான். ஒருமுறை ஆரஞ்சுப் பழம் வாங்கி வந்தான். அவள் அதை உரித்து, கணவர் வாயில் போடுவதற்கு முன் தான் ஒரு சுளை தின்று கால் மணி நேரம் காத்திருந்தாள். ஒருமுறை கேட்காமலே குளியலறைக் குழாயின் சொட்டலை நிறுத்திக் கொடுத்தான். அவன் போன பிறகு அவள் குழாயின் அடியிலெல்லாம் கைவிட்டுத் தடவிப் பார்த்தாள். எதைத் தேடினாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. அவன் உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்கக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

“அவன் இவ்வளவு நல்லவனா இருக்கணும்னு என்னங்க அவசியம்?” என்று கணவரிடம் கேட்டாள்.

“ஏம்மா, ஒருத்தன் நல்லவனா இருக்குறதுக்குக் காரணக் கடிதம் எழுதித் தரணுமா?”

நான்காவது தடவை, காப்பி குடித்துக்கொண்டிருந்தவன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சாதாரணமாகக் கேட்டான்: “அக்கா, அந்தப் பழைய பதிவேடெல்லாம் ஆஸ்பத்திரியில இன்னும் வச்சிருக்காங்களா?”

“எ... எந்தப் பதிவேடு?”

“மெஷின் பதிவேடுதான். அந்த வருஷத்தோடது.”

“அதெல்லாம் எங்க இருக்கப்போகுது? கரையான் தின்னிருக்கும்.”

“இருந்தா ஒரு தடவை பாக்கணும். முடிஞ்சா ஒரு போட்டோ எடுத்தாப் போதும்” என்று சொல்லி, வேறு ஏதோ பேசினான்.

தெரிந்துதான் வந்திருக்கிறான். பழமும் குழாயும் எல்லாம் இதற்குத்தான்.

மறுநாள் மதியம் ஆள் இல்லாத நேரத்தில் ஆவண அறைக்குப் போனாள். பதிவேடு கரையான் அரிக்காமல் பத்திரமாக இருந்தது. அந்தப் பக்கத்தைப் புரட்டினாள். பதினோரு வருடமாகக் கண்ணுக்குள் இருந்த எழுத்து, நேரில் பார்த்தபோது சின்னதாக இருந்தது. வாலின் சுழிப்பு அவனுடையது மாதிரியே இல்லை. யாராவது ஒரு தடவை உற்றுப் பார்த்திருந்தால் போதும், கண்டுபிடித்திருக்கலாம். பதிவேட்டைப் புடவைத் தலைப்பில் மறைத்துக்கொண்டு, கட்டடத்தின் பின்னால் கழிவு எரிக்கும் உலைக்குப் போனாள்.

உலைக்காரர் கதவைத் திறக்கவில்லை. “சீட்டு எங்கக்கா?”

“பழைய காகிதம்தானே? போட்டுட்டுப் போறேன்.”

“சீட்டு இல்லாம ஒரு பஞ்சைக்கூட உள்ள விடாதேன்னு எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கதானே? இப்ப நீங்களே இப்படி வந்து நின்னா எப்படி?” என்று சிரித்தவர், அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். “என்னக்கா அது? காட்டுங்க.”

“ஒண்ணுமில்ல” என்று திரும்பி நடந்தாள். அவருடைய பார்வை முதுகில் ஊர்ந்துகொண்டே வந்தது. பிறரை எப்போதும் தான் பார்க்கும் பார்வை எப்படி இருக்கும் என்று அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. பதிவேட்டை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் ஆலயத்துக்குப் போனாள். போதகர் ஒலிபெருக்கியின் ஒயரை மடியில் போட்டுக்கொண்டு, எங்கே அறுந்திருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார். வேலையை நிறுத்தாமல், உட்காரும்படி கண்ணைக் காட்டினார்.

“எனக்குத் தெரிஞ்சவங்க ஒருத்தங்க” என்று ஆரம்பித்தாள். “ஒரு தப்பு பண்ணிட்டாங்க. ரொம்ப நாளாச்சு. இப்ப உடம்புக்கு ஒண்ணு வந்திருக்கு. அது ஆண்டவர் அடிக்கிறதுதானா ஐயா?”

“அந்த ஒருத்தங்க திருவிருந்து அன்னிக்கு, அப்பமும் ரசமும் வாங்காம, இருமிக்கிட்டே வெளிய போவாங்களா?”

அவளுக்குச் சுருக்கென்றது. “யார் சொன்னா உங்களுக்கு?”

“யாரும் சொல்லலைம்மா. நான் முன்னாடி நிக்கிறவன். யார் வராங்க, யார் வரலைன்னு எனக்குத் தெரியாதா?” ஒயரைக் கீழே வைத்தார். “ஒரு வியாதியைக் காட்டி, இது இன்ன தப்புக்கான அடின்னு எனக்குச் சொல்லத் தெரியாது. தெரியும்னு சொல்ற ஆளை நான் நம்பவும் மாட்டேன். கை வலிச்சா வைத்தியம் பாருங்க.”

“அப்ப சிட்சை, ஆண்டவர் தண்டிச்சுத் திருத்துவார்னு பிரசங்கத்துல சொல்றீங்களே, அது?”

“சிட்சை பழிவாங்கறது இல்லைம்மா. பழிவாங்கணும்னா அவருக்குப் பதினோரு வருஷம் எதுக்கு?”

அவள் நிமிர்ந்தாள். வருடக் கணக்கை அவள் சொல்லவே இல்லை. யாரோ சொல்லியிருக்கிறார்கள். நெட்டையன்தான்.

போதகர் அவள் முகத்தைப் படித்துவிட்டார். “நான் இங்க வந்து பதினோரு வருஷம். வந்த முதல் திருவிருந்துலேர்ந்து நீங்க இருமுறீங்க. அதுதான் கணக்கு.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நிம்மதியா இருக்க விடலையே, அதுதான் உங்களுக்குச் சிட்சைன்னு எனக்குத் தோணுது. விட்டுட்டுப் போறவர் இப்படி விடாமக் கூப்பிட்டுக்கிட்டு இருப்பாரா? தகப்பனுக்குப் பிள்ளை வேணும். அதனாலதான் விடமாட்டேங்கிறார்.”

“நான் தினமும் அழறேன் ஐயா. மனசுக்குள்ள மன்னிப்புக் கேக்கறேன்.”

“அழறது வருத்தம். திரும்பறது வேற. யாருக்கு விரோதமாப் பண்ணீங்களோ அந்தப் பக்கம் நடக்கணும்.”

“நடந்து போய்ச் சொன்னா, அவங்க மன்னிப்பாங்களா?”

“தெரியாது.”

“ஆண்டவராவது?”

“அதை நான் ஆயிரம் தடவை சொல்லிட்டேன். நீங்கதான் நம்பலை” என்றார் போதகர், ஒயரை மறுபடி எடுத்துக்கொண்டு.

அவள் கோபத்தோடுதான் வீட்டுக்கு வந்தாள். உறுதி கொடுக்காமல் வெறும் கையோடு அனுப்புகிறாரே என்று கோபம். அவளுடைய தொழிலில் நிச்சயம் தெரியாமல் எதையும் மேலே அனுப்புவதில்லை. ஆனால் போதகர் பூசி மெழுகாமல் “தெரியாது” என்று சொன்னாரே, அது மட்டும் உள்ளே தங்கிவிட்டது. பதினோரு வருடத்தில் சந்தேகப்பட முடியாத ஒரு பதில் அதுதான்.

செவ்வாய்க்கிழமை காலை, வீட்டு வாஷிங் மெஷினைப் பார்க்க நெட்டையன் வந்தான். கணவர்தான் சொல்லிவைத்திருந்தார், அவர் வேனோடு போயிருந்தார். மெஷினின் பின்பக்கத் தகட்டைக் கழற்றி, திருகாணிகளை ஒரு கிண்ணத்தில் போட்டுவிட்டு, அவன் குனிந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சமையலறை வாசலில் நின்றாள்.

“தம்பி, அந்த எழுத்தைப் போட்டது நான்தான்.”

“எந்த எழுத்துக்கா?”

“பதிவேட்டுல. உன் பேரோட முதல் எழுத்து. தட்டை மெஷின்ல வைக்காம மேல அனுப்புனதும் நான்தான். உனக்குத் தெரியும். தெரிஞ்சுதானே வர்றே? போதும்ப்பா, என்ன பண்ணணுமோ பண்ணிடு.”

அவன் மெதுவாகத் திரும்பினான். அந்த முகத்தைப் பார்த்தவுடனே அவளுக்குப் புரிந்துவிட்டது. அவனுக்குத் தெரியாது. ஒன்றுமே தெரியாது. பழம் வெறும் பழம்தான். குழாய் வெறும் குழாய்தான்.

“நீங்களா?” என்றான். பிறகு சுவரில் சாய்ந்து தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். நீளமான கால்கள் அறையின் பாதி வரை நீண்டன. “அப்ப... மச்சான் இல்லையா?”

அவனுடைய மனைவியின் அண்ணன் அந்த மருத்துவமனையில் பொருளறைப் பொறுப்பாளர். பதிவேடுகள் அவர் அலமாரியில்தான் இருக்கும். தங்கையின் கல்யாணத்தில் அவருக்குச் சம்மதம் இல்லை. முதல் நாளிலிருந்தே நெட்டையனுக்கு முகம் கொடுத்துப் பேசியதில்லை. விசாரணையில் அவன் மென்று விழுங்கிய பெயர் அதுதான்.

“வீட்டுக்காரி மூஞ்சிக்காக அங்க சொல்லலை. வீட்டுல சொன்னேன். உன் அண்ணன்தான் என்னைக் கவுத்தான், அந்த வீட்டு வாசலை மிதிச்சேன்னா என்கிட்ட வராதேன்னு சொன்னேன். பத்து வருஷம் அவ போகலை. அவங்க அம்மா செத்தப்போ, பெட்டிக்கு இந்தப் பக்கம் இவ நின்னா, அந்தப் பக்கம் அவர் நின்னார். ஒரு வார்த்தை பேசிக்கலை. இப்ப அண்ணனைப் பாக்கணும்னு அழறா. எங்க அண்ணன் அப்படிச் செய்ய மாட்டார்ங்கிறா. அந்த எழுத்தைப் போட்டோ எடுத்துக் காட்டினா, அது அவர் கைதான்னு அவளுக்குப் புரியும்னு நினைச்சுத்தான் உங்ககிட்ட கேட்டேன்.” கையிலிருந்த திருப்புளியைத் தரையில் வைத்தான். “உங்களைப் போய் நான் ஒரு நாள்கூட சந்தேகப்படலையேக்கா.”

அவள் அவன் காலடியில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டாள். அவன் எழுந்தான், திறந்த மெஷினையும் கருவிப் பையையும் அப்படியே விட்டுவிட்டு வெளியே போய்விட்டான்.

அன்று சாயங்காலம் கணவரிடம் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும் மனிதர், வாசலுக்குப் போய் வேனைத் துடைத்துவிட்டு வந்தார். பிறகு, “நாளைக்கு எத்தனை மணிக்கு ஆஸ்பத்திரிக்குப் போறே? நான் கொண்டு விடறேன்” என்றார்.

மருத்துவமனைக் கண்காணிப்பாளர் அவளை உட்கார வைத்துக் கேட்டுவிட்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“இதை இப்ப ஏன் சொல்றீங்க? அந்த ஆள் உங்களை மிரட்டினாரா?”

“இல்லைங்க.”

“அவருக்கு வேலை திரும்பக் கிடைக்கணும்னு நீங்க பழியை ஏத்துக்கறீங்களா? வீட்டுக்கெல்லாம் வந்து போறாராமே?”

பதினோரு வருடம் பொய்யை யாரும் சந்தேகப்படவில்லை. உண்மையைச் சொன்ன அன்று அறையில் இருந்த மூன்று பேரும் அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். கடைசியில் பதிவேட்டை வரவழைத்து, அதன் பக்கத்தில் வெள்ளைத்தாளை வைத்து, மரத்த விரல்களால் பேனாவைப் பிடித்து, அந்த எழுத்தைப் பத்துத் தடவை எழுதிக் காட்ட வேண்டியிருந்தது. ஏழாவதிலேயே கண்காணிப்பாளர் “போதும்” என்றார். அவள் பத்தையும் முடித்தாள்.

அவளை அந்த அறையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வழியனுப்பு விழா, மாலை, பேச்சு எதுவும் இல்லாமல் வேலை முடிந்தது. நெட்டையன் மேல் குற்றம் இல்லை என்று அவனுக்கும் பொருளறைக்காரருக்கும் கடிதம் போயிற்று.

கால் இழுத்து நடக்கும் அந்தத் தையல்காரப் பெண்ணின் வீட்டுக்கும் போனாள். கணவர் வேனிலேயே இருந்தார். அந்தப் பெண் வாசலில் நின்றபடியே முழுக்கக் கேட்டாள். கழுத்தில் அளவு நாடா தொங்கியது.

“என்ன எதிர்பாத்து வந்தீங்க?”

“ஒண்ணும் எதிர்பாக்கலைம்மா. நான்தான்னு உங்களுக்குத் தெரியணும்.”

“தெரிஞ்சுக்கிட்டேன். மன்னிச்சுட்டேன்னு வாயால சொல்றதுக்கு எனக்கு இப்ப வரலை. போயிட்டு வாங்க.”

கதவு சாத்தப்பட்டது. அது நியாயம் என்று அவளுக்குப் பட்டது. ‘ஆண்டவரும் இப்படித்தான் சாத்துவார்’ என்று பழைய குரல் உள்ளே கிளம்பியது. வேனில் ஏறி உட்கார்ந்து, அந்தக் குரலை முதல் தடவையாகச் சந்தேகப்பட்டாள். பதினோரு வருடம் இதன் பேச்சைக் கேட்டாயிற்று, இது ஒரு தடவையாவது உண்மை பேசியிருக்கிறதா?

நான்கு ஞாயிறு நெட்டையன் ஆலயத்துக்கு வரவில்லை. கருவிப் பை அவள் வீட்டிலேயே கிடந்தது. பிழைப்புக்கு என்ன செய்கிறானோ என்று கணவர்தான் அதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். “ஒண்ணும் பேசலை. வாங்கிக்கிட்டான்” என்றார்.

ஐந்தாவது வாரம் வியாழக்கிழமை மத்தியானம் அவன் வந்தான். பின்னால் கனமான உடம்போடு ஒருவர் மூச்சு வாங்கியபடி படியேறினார்: பொருளறைக்காரர். இரண்டு பேரும் ஒரே சோபாவில், நடுவில் இன்னொருவர் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்தார்கள்.

“முதல்ல அவர்கிட்ட போனேன்” என்றான் நெட்டையன். “மூணு தடவை வாசல்லேயே நிறுத்திட்டார்.”

“பின்ன? பத்து வருஷம் கழிச்சு வந்து மன்னிச்சுடுங்க மச்சான்னா, எதுக்கு அடிபோடறான்னு தோணாதா?” என்றார் பொருளறைக்காரர். அவளை முறைத்தார். “நீங்களும் எனக்கு ஒரு பதில் சொல்லணும்.”

“சொல்றதுக்கு ஒண்ணுமில்ல அண்ணே. நான் எழுதினது ஒரு எழுத்து. அது உங்க வீடு வரைக்கும் வந்ததுன்னு எனக்குத் தெரியாது. தெரியாதுங்கிறது சாக்கு இல்ல. மன்னிச்சிடுங்க.”

அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “எங்க அம்மா கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்க, இவ எப்ப வருவான்னு” என்று மட்டும் சொன்னார்.

நெட்டையன் அவள் பக்கம் திரும்பினான். “அக்கா, நாலு வாரமா உங்களைத் திட்டாத நாள் இல்லை. அப்புறம் மச்சான் வாசல்ல நின்னப்போ, இவர் மன்னிக்கணும்னு நான் கெஞ்சிக்கிட்டு இருக்கேன், நான் மட்டும் உங்களை விடாமப் பிடிச்சு வச்சிருக்கேனேன்னு தோணுச்சு. எத்தனை வருஷம் தப்பான ஆளைக் குத்தம் சொல்லிக்கிட்டே ஆண்டவர் முன்னாடி முட்டி போட்டிருக்கேன்! அவர் அதைப் பொறுத்துக்கிட்டாரே. நான் மன்னிச்சிட்டேன்.”

“நிஜமாவா தம்பி?” என்று கேட்டுவிட்டாள்.

“இதுக்கும் சந்தேகமா?” என்று அவன் கத்தினான். பக்கத்து அறையிலிருந்து கணவர் எட்டிப் பார்த்தார். “நாளைக்குக் காலைல எந்திரிச்சா எனக்குத் திரும்பவும் கோபம் வரும். அப்பவும் மன்னிச்சிட்டேன்னுதான் சொல்லுவேன். அதுக்கு மேல உறுதிப் பத்திரமெல்லாம் தர முடியாது!”

பொருளறைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கக் கூடாத இடம் என்று அடக்கிப் பார்த்தார், முடியவில்லை.

மருத்துவர் சொன்ன அந்தச் சின்ன அறுவைச் சிகிச்சையை அவள் அந்த வருடம் செய்துகொண்டாள். இரண்டு விரல்களில் உணர்வு திரும்பியது; கட்டைவிரலில் பாதிதான். அது அடியா, வியாதியா என்று அதன் பிறகு அவள் யாரிடமும் கேட்கவில்லை. திருவிருந்தின்போது இருமலும் வரவில்லை.

நெட்டையனின் மனைவி மட்டும் அவளோடு பேசவில்லை. ஆலயத்தில் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து, ஒரு மழைநாள் மத்தியானம், குடையை மடக்கிக்கொண்டு தனியாக வந்தாள். உள்ளே வந்து உட்காரவில்லை.

“அன்னிக்கு என்ன நடந்ததுன்னு இவர் சொல்லிக் கேட்டிருக்கேன். உங்க வாயால கேக்கணும். எதையும் விடாமச் சொல்லுங்க.”

அவள் சொன்னாள். தொலைபேசி வந்தது, ஓடியது, திரும்பி வந்தது, பேனாவை எடுத்தது, வாலைச் சுழித்தது, இரண்டு வினாடி. அந்தப் பெண் அசையாமல் நின்று கேட்டாள். குடையிலிருந்து தண்ணீர் வடிந்து தரையில் பரவிக்கொண்டிருந்தது.

“இன்னொரு தடவை சொல்லுங்க” என்றாள்.

மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முடிந்ததும் அந்தப் பெண் ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

“எங்கம்மாகிட்ட இதைச் சொல்ல முடியாது இல்ல?” என்று கேட்டாள்.

“முடியாதும்மா.”

இருவரும் அழுதார்கள், ஒருவரை ஒருவர் தொடாமல், அவரவர் நின்ற இடத்திலேயே அழுதார்கள். பிறகு அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “துணி ஏதாவது இருந்தாக் கொடுங்க. வீடெல்லாம் தண்ணியாக்கிட்டேன்” என்றாள். அவள் துணியை எடுத்து வந்து தானே குனிந்தாள். “விடுங்கக்கா, கை சரியில்லைல்ல உங்களுக்கு” என்று அந்தப் பெண் துணியை வாங்கிக்கொண்டு, மண்டியிட்டுத் தரையைத் துடைத்தாள்.